பச்சைக்கல்

பச்சை என்னும் சொல்லுக்குத் தமிழில் நிறப்பொருளும் உண்டு, நிலைப்பொருளும் உண்டு. பச்சை இலை என்னும்போது நிறம் முன்னிற்கிறது. பச்சைமிளகாய் என்னும்போது இரண்டும் கலந்து நிற்கின்றன. பச்சைப்பானை, பச்சைமண், பச்சைக்கல் என்னும்போதோ நிறத்துக்கு இடமே இல்லை. நெருப்புக் காணாதது என்பது மட்டுமே பொருள். தெலுங்கு இவ்விரண்டையும் ஈற்றுயிரால் பிரித்து வைத்திருக்கிறது. நிறத்துக்குப் பச்ச, வேகாத நிலைக்குப் பச்சி. சூளையில் வேகாத செங்கல்லைக் கார்வேட்டிநகரத்துத் தமிழர்கள் பச்சைக்கல் என்பர். அடுத்த தெருவில் வாழும் தெலுங்கர்கள் பச்சி இட்டுக என்பர்.

இதே ஊரின் கொத்தனார்களிடம் 'பசுமைக் கட்டடம்' என்றால் என்ன என்று களப்பணியின்போது கேட்டிருக்கிறேன். திருப்பதி செல்லும் சாலையோரத்து அடுக்குமாடி விளம்பரங்களில் அத்தொடரின் தெலுங்கு வடிவத்தைப் பார்த்திருந்த இளைஞர் ஒருவர், பச்சை வண்ணம் அடித்த கட்டடமாக இருக்கும் என்றார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவ்விடை பிடித்திருந்தது. சொல்லை அவர் சரியாகவே வாசித்தார். அச்சொல் அவரிடம் வந்து சேர்ந்த விதம்தான் குறையுடையது.

கட்டடவியல் என் துறையன்று. மொழியியலில் முதுகலை முடித்து, எல்லையோர ஊர்களின் தொழிற்சொற்களைத் தொகுக்கும் ஆய்வினூடாக இதற்குள் வந்தவள். கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி, எல்லைக்கு இப்பால் பள்ளிப்பட்டு, திருத்தணி என விரியும் பகுதி என் களம். உள்ளூர் மக்களுக்கென நிலைத்த தன்மையுடைய பள்ளிகளையும் அலுவலகங்களையும் கட்டுநர் எவ்வாறு கட்டுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் எழுதச் சொன்னபோது, இச்சொற்களின் வழியாகவே அதற்கு வர இயலும் என்று தோன்றியது. பதிவு நீளமானது; பொறுமையுடன் வாசியுங்கள்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. காடுவெட்டி என்பது பல்லவர்க்குரிய பட்டப்பெயர்களுள் ஒன்று. காடுவெட்டி நகரம் என்பதே மருவிக் கார்வேட்டிநகரம் ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இரண்டு உயிர்களுக்கிடையே வரும் டகரம் நாவருடலாக ஒலித்து ரகரமாகக் கேட்பது எங்கும் காணக்கூடியதே. ஆதலால் ஒலியளவில் இவ்விளக்கத்தை மறுக்கத் தேவையில்லை. காட்டை வெட்டிய ஊரிலிருந்துகொண்டு பசுமைக் கட்டடம் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். பொம்மராஜு பாளையம் என்று ஆங்கிலேயர் காலத்தில் அறியப்பட்ட ஜமீனின் தலைநகர் இது. சாரங்கபாணியின் பதங்கள் இவ்வவையில் பிறந்தவை. அரண்மனையும், கல்படிகள் சூழ்ந்த புஷ்கரணியும், வேணுகோபாலர் கோயிலும் இன்றும் உள்ளன. மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனமும் இவ்வூரிலேதான் இயங்குகிறது. சித்தூர்ப் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுள் பலர் இங்குப் பயின்று சென்றவர்கள்.

1911 வரை இப்பகுதி வட ஆர்க்காட்டில் இருந்தது. 1960 இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்குச் சென்றது. நாங்கள் ஆந்திரத்தில் நின்றோம். கோடு ஊர்களுக்கிடையே விழுந்ததே தவிர, கொத்தனார்களுக்கிடையே விழவில்லை. இன்றும் ஒரே சாரத்தின் மீது இரு மொழிக்காரர்கள் நிற்கிறார்கள். தூலம் இருவருக்கும் தூலம். சுண்ணாம்பு அங்கே சுன்னம். மண் அங்கே மன்னு. சங்கப் பாடல்களில் இட்டிகை என்று வரும் சொல்லை நாம் கைவிட்டுச் செங்கல்லுக்கு மாறினோம். தெலுங்கர் இட்டுகவை விடவில்லை. தமிழில் மேல்தளத்தையும் தட்டைக் கூரையையும் குறித்த மெத்தை இன்று படுக்கையாகச் சுருங்கிவிட்டது. தெலுங்கின் மித்தெ இன்னும் தட்டைக் கூரை வீட்டைக் குறித்து நிற்கிறது.

பள்ளியையும் அலுவலகத்தையும் குறிக்கும் சொற்கள் இவற்றைவிடச் சுவையானவை. தமிழின் பள்ளியும் தெலுங்கின் பல்லெயும் ஒரே வேரின. நமக்கு அது கல்விக்கூடம். அவர்களுக்கு அது சிற்றூர். அதாவது ஊரும் பள்ளியும் ஒருகாலத்தில் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன. அலுவலகத்துக்கு இங்குள்ள முதியவர்கள் சொல்லும் சொல் கச்சேரி. வரி கட்டுமிடமும் பதம் பாடுமிடமும் அச்சொல்லில் கலந்தே இருந்தன.

இனித் தொழிலுக்கு வருகிறேன். என் பெரியப்பா மேஸ்திரி. அவருடைய தந்தை, அதாவது என் தாத்தா, மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்தவர். மரக் கட்டைகளை இடைவெளிவிட்டு அடுக்கி, அவற்றின் மீது சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகக் குத்துக்கல்லாக நிறுத்தி, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, நாட்கணக்காக அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிக்கும் கூரை அது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்ப்பார்கள். பெரியப்பா சிறுவனாக அதைப் பார்த்திருக்கிறார், அடித்திருக்கிறார்; தாமே பொறுப்பேற்றுப் போட்டதில்லை. அவர் தலையெடுத்தபோது சிமெண்டும் கம்பியும் வந்துவிட்டன. அவரிடமுள்ள சொற்களும் அவ்வாறே இரண்டு அடுக்குகளாக உள்ளன. மேலடுக்கில் ஷட்டரிங், சென்ட்ரிங், கவர் பிளாக், க்யூரிங். கீழடுக்கில் காரை, சல்லி, பதம், புளிக்கவைத்தல். கீழடுக்கை நான் கேட்டால்தான் எடுக்கிறார். அவரிடம் வேலை பழகும் பையன்களிடம் அவ்வடுக்கே இல்லை.

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கின் தொழிற்சொற்களை வட்டாரவாரியாகத் தொகுக்கத் தொடங்கி, வேளாண்மைத் தொகுதியை 1962 இல் வெளியிட்டார். வீடு கட்டும் தொழிலுக்கும் அவ்வரிசையில் ஒரு தொகுதி உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்குச் சென்றால் ஒன்று விளங்கும். சொல் மறைவதற்குக் காரணம் மொழிப்பற்று குறைவது என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். கொத்தனார் வழக்கில் சொல் மறைவதற்கு மிக எளிய காரணம், அந்த வேலையை யாரும் கொடுப்பதில்லை என்பதே. வேலை திரும்பி வந்தால் சொல்லும் வரும், அல்லது புதியதொன்று பிறக்கும். ஆகவே எனக்கு எழுந்த வினா மொழியியலாளருக்குரியதாகவே இருந்தது: மண்ணில் கட்டும் வேலையை இன்று யார், யாருக்குக் கொடுக்கிறார்கள்?

இதற்கு விடை தேடுவோர் முதலில் செல்லுமிடம் ஆரோவில். கார்வேட்டிநகரத்திலிருந்து ஒரு பகற்பயணம். அங்குள்ள மண் கட்டுமான நிறுவனம் 1989 இல் ஹட்கோவின் துணையுடன் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சத்பிரேம் மைனி அதை வளர்த்தவர். அவர்கள் கட்டிய பார்வையாளர் மையம் எளியோருக்கான கட்டடக்கலைக்கென வழங்கப்படும் ஹசன் ஃபாத்தி விருதை 1992 இல் பெற்றது. அம்மையத்தின் வளைவுகளினடியில் நின்றபோது, இது மண் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பூச்சு இல்லாத சுவர்; ஒவ்வொரு கல்லின் விளிம்பும் கத்தியால் நறுக்கியதுபோல இருந்தது.

செய்முறையைச் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் இவ்விடயத்தின் உயிர் இருக்கிறது. மேல்மண்ணை முதலில் நீக்கித் தனியே வைக்கிறார்கள், அது பயிருக்குரியது. அதற்குக் கீழுள்ள மண்ணைத் தோண்டிச் சலிக்கிறார்கள். சரளை 15 பங்கு, மணல் 50 பங்கு, வண்டல் 15 பங்கு, களி 20 பங்கு என்னும் அளவுக்கு அருகில் மண் இருந்தால் சிமெண்டால் அதை நிலைப்படுத்த இயலும். களி மிகுந்தால் சுண்ணாம்பு ஏற்றது. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் கலந்து, நீர் தெளித்து, ஈரப்பதமுள்ள அக்கலவையை இரும்பு அச்சிலிட்டு நெம்புகோலால் அழுத்தினால் கல் வெளிவருகிறது. அவர்களே வடிவமைத்த கையழுத்தி ஔரம் 3000 எனப்படும். அதற்கு மின்சாரம் வேண்டா, சூளை வேண்டா. அடுக்கிய கற்களை முதலில் மூடிவைத்து, பின்னர் நான்கு வாரம் நீர் தெளித்துக் காக்கிறார்கள். மண்ணெடுத்த பள்ளம் மழைநீர்த் தொட்டியாகவோ நிலவறையாகவோ மாறுகிறது. தோண்டிய குழி அநாதையாக நிற்பதில்லை. தீபனம் என்னும் பள்ளியும் இவ்வகைக் கல்லால் எழுந்ததே. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின், கம்பி செலுத்தக்கூடிய துளையுடன் ஒன்றையொன்று கவ்வும் கற்களை உருவாக்கி அங்கும் கொண்டு சென்றார்கள்.

இதில் என் கவனத்தை ஈர்த்தது மண்ணைச் சோதிக்கும் முறை. ஆய்வகத்துக்கு அனுப்புமுன் கையாலேயே பார்க்கிறார்கள். முகர்ந்து பார்த்தல்: மக்கிய வாடை வந்தால் அது கல்லுக்கு ஆகாது. ஈர மண்ணை உருட்டிப் பிளந்து பார்த்தல். கையில் ஒட்டியதைக் கழுவும்போது எளிதில் போகிறதா, வழுக்கிப் பிடிக்கிறதா என்று பார்த்தல். இதைப் பெரியப்பாவிடம் விவரித்தபோது அவர் வியப்படையவில்லை. குயவரும் அடுப்பு போடும் பெண்களும் அப்படித்தானே பார்ப்பார்கள் என்றார். கலவை சரியாக அமைந்த நிலைக்கு அவர் சொன்ன சொல் பக்குவம். மண் பக்குவப்பட்டுவிட்டது என்பது எங்கள் வழக்கு.

அச்சொல் என்னை வேறொரு திசைக்கு இட்டுச்சென்றது. பக்குவத்துக்கும் பக்காவுக்கும் வேர் ஒன்றே: சமைந்தது, பழுத்தது என்னும் பொருளுடைய பக்வ என்னும் வடசொல். அதன் எதிர்ச்சொல்லாக இந்தியில் நிற்பது கச்சா: வேகாதது, காய். அரசு ஆவணங்கள் வீடுகளைக் கச்சா, பக்கா என்று பிரிக்கும்போது, மொழியளவில், பச்சைக்கல்லையும் சுட்ட கல்லையும்தான் பிரிக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் மண்சுவரும் சுடாத செங்கல்லும் தற்காலிக வீட்டுக்குரியவை. சுட்ட கல்லும் கற்காரையும் நிலையான வீட்டுக்குரியவை. சூழலியலாளர்கள் தமிழில் எழுதும்போது நிலையான என்னும் அதே சொல்லை நேரெதிர்ப் பொருளில் ஆள்கிறார்கள். ஈழத்தவர் நிலைபேறான என்றும் பேண்தகு என்றும் எழுதுகிறார்கள். பேணத்தக்கது என்னும் பொருள் எனக்கு உவப்பானது. பேணுபவர் யார் என்ற கேள்வியை அச்சொல் கூடவே எழுப்புகிறது.

அக்கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகக் கூர்மையான விடை ஒரு சித்தாளிடமிருந்து வந்தது. வாழ்நாள் முழுதும் சிமெண்டுச் சட்டி சுமந்த மூதாட்டி. மண்கல்லின் அருமைகளை நான் விவரித்து முடித்ததும் அவர் சொன்னார்: "எங்க அவ்வா வருசா வருசம் மண்ணுச் செவுத்த மெழுகியே கை தேஞ்சிபோனா. அதுலேந்து வெளிய வர எங்களுக்கு மூணு தலமொற ஆச்சு. நீ படிச்சவ, திரும்ப உள்ள போகச் சொல்ற."

மண்சுவரின் அழகைப் பற்றி எழுதும் பலர், அச்சுவர் ஆண்டுதோறும் பெண்களின் கூலியில்லா உழைப்பால் நின்றது என்பதை எழுதுவதில்லை. சிமெண்ட் சிறிதும் கலவாத மண்ணே தூயது, ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்தாலும் அது மீண்டும் மண்ணாகாது என்று வாதிடுவோர் உண்டு. வேதியியலளவில் அவர்கள் கூற்றில் பொருள் உண்டு. ஆனால் அந்த ஐந்து பங்கு, மெழுகும் கையை விடுவிக்கிறது. தூய்மை பேசுவோர் மெழுகும் பணியை யாருக்கு ஒதுக்குகிறார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்குத் தமிழர்க்கு வேறு சான்று தேவையில்லை. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்று அகற்றப்பட்டது. எங்கள் பகுதி வேறு மாநிலமானாலும் அச்செய்தி இங்கு நுழையாத வீடு இல்லை. தம் பிள்ளை அமரும் அறைக்கு மேல் கற்காரைத் தளம் வேண்டும் என்று ஒரு தாய் கேட்பது அறியாமையால் எழுவதன்று. மண்ணில் பள்ளி கட்ட விழைவோர் இந்த நினைவுக்கு விடையளித்தாக வேண்டும். மண்கல்லால் சுவர், எரியாத கூரை, இரண்டு வாயில்கள், அகலமான படி ஆகியவை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே வரவேண்டியவை.

கேரளத்தில் இதற்கு வேறொரு வழி கிடைத்தது. பர்மிங்காமில் 1917 இல் பிறந்து, தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்து, இங்கேயே வாழ்ந்து 2007 இல் மறைந்த லாரி பேக்கர், மண்ணை மட்டுமே பற்றி நிற்கவில்லை. சுட்ட செங்கல்லையே குறைவாகச் செலவிட்டார். கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி உள்ளே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கல் மிச்சமாகும். வெற்றிடத்தின் காற்று வெயிலைத் தடுக்கும். கற்காரைத் தளத்தின் அடிப்பகுதியில் வேலை செய்யாத கற்காரைக்குப் பதிலாக ஓட்டை வைத்து நிரப்பினார். திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தை அவர் இப்படித்தான் கட்டினார். நம் ஆய்வாளர்கள் பலர் அந்நூலகத்தில் அமர்ந்து படித்திருப்பீர்கள். 1985 இல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் ஆகியோருடன் இணைந்து அவர் தோற்றுவித்த காஸ்ட்ஃபோர்டு இன்றும் கட்டிவருகிறது. கொத்தனார்களைப் பழக்குவதும் அதன் பணிகளுள் ஒன்று. பழகியவர் ஊருக்குத் திரும்பும்போது முறையும் அவருடன் செல்கிறது.

எங்கள் மாநிலத்துக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. ஆந்திரம் பிரியாதிருந்த காலத்தில், ஐதராபாத்தின் சி.ஐ.ஐ. சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003 இல் லீட் பிளாட்டினம் தரம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அத்தரம் பெற்ற முதல் கட்டடம் அது. காற்றுக் கோபுரங்கள், முற்றம், கூரைத்தோட்டம், கழிவுநீரைத் தாவர வேர்களால் தூய்மையாக்கும் அமைப்பு ஆகியவற்றுடன் சிறந்த அலுவலகம். அதன் தொழில்நுட்பத்தில் எனக்குக் குறை காணும் தகுதி இல்லை. கார்வேட்டிநகரத்துக் கொத்தனாருக்கு அக்கட்டடம் ஒரு சொல்லைக்கூடக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அவருக்குச் சொல்லும் வேலையும் கொடுத்தது எதிர்பாராத வேறொன்று. 2019 நவம்பர் 14 அன்று ஆந்திர அரசு 'மன படி நாடு–நேடு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழர் இதை நாடு என்று வாசித்துவிடக் கூடாது: நாடு என்பது அன்று, நேடு என்பது இன்று. நம் நாள் என்னும் சொல்லின் ளகரம் தெலுங்கில் டகரமாகி நாடு ஆகிறது. படி என்பது பள்ளி. முதற்கட்டத்தில் 15,715 பள்ளிகள். கழிப்பறை, குடிநீர், மின்விசிறி, சுற்றுச்சுவர், பழுதுபார்ப்பு என்பன பணிகள். நாற்காலி, மின்விசிறி, வண்ணம் போன்றவற்றை மாநில அளவில் வாங்கினார்கள். கட்டுமானப் பணியை ஒப்பந்ததாரரிடம் விடாமல் ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் குழுவிடமும் ஒப்படைத்தார்கள். பணம் குழுவின் கணக்குக்கு வந்தது. தலைமையாசிரியரும் பெற்றோரும் பொறியாளரும் சேர்ந்து வேலையை நடத்தினார்கள்.

இத்திட்டத்தின் அரசியலுக்குள் நான் செல்லவில்லை. பசுமைத் திட்டம் என்றும் இதற்குப் பெயரில்லை. சிமெண்டும் கம்பியும் ஓடும் வண்ணமும் எங்கும் ஒன்றே. ஆயினும், எங்கள் மண்டலத்தின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பெரியப்பா இக்குழுவின் கீழ் வேலை செய்ததை அருகிலிருந்து கண்டேன். குழுவில் இருந்தவர்களுள் பாதிப்பேர் கட்டடத்தொழிலாளர்கள். மணலில் மண் கலந்திருந்தால் கேட்பதற்கு அங்கே ஆளிருந்தது. தளத்துக்கு நீர் விடும் முறையைத் தாய்மார்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். யார் வீட்டு முறை தவறியது என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரியும். இரண்டு மழைக்காலம் கழித்துக் கழிப்பறைக் கூரையில் கசிவு கண்டபோது யாரும் மனு எழுதவில்லை. போட்டவரே ஏறிச் சென்று அடைத்தார். ஒரு காலைப்பொழுது வேலை. வேறோர் ஊரில், வெளியூர் ஆட்கள் வந்து கட்டிச்சென்ற சிறிய அரசு அலுவலகத்தின் சுவரில் கைவிரல் நுழையும் வெடிப்பு உண்டு. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் எதிர் டீக்கடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அக்கட்டடத்தைத் தொட அவர்களுக்கு உரிமையில்லை. தொட வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் இடையிலான உறவு இப்பகுதியில் சிக்கலானதும்கூட. 2019 அக்டோபர் முதல் ஊர்தோறும் கிராமச் சச்சிவாலயம் வந்தது. நிலம் எளிதாகக் கிடைத்த இடம் பள்ளி வளாகம். மாநிலத்தின் பல இடங்களில் பள்ளித் திடல்களில் அலுவலகங்கள் எழுந்தன, உயர்நீதிமன்றம் தடுத்தது. உத்தரவு நிறைவேறாமையால் 2022 மார்ச்சில் எட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் நீதிமன்ற அவமதிப்புக்குத் தண்டிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டபின் சமூகநல விடுதிகளில் தொண்டு செய்யுமாறு பணிக்கப்பட்டார்கள். எத்துணைப் பசுமையான கல்லால் கட்டினாலும், குழந்தைகளின் ஆடுகளத்தில் நிற்கும் அலுவலகத்தை அவ்வூருக்காகக் கட்டியது என்று எப்படிச் சொல்வது? கட்டடப்பொருளைப் பற்றிய மதிப்பெண் பட்டியல்களில் இதற்கு எந்த வரிசையில் இடம் தருவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல்.

மண்ணையும் ஊராரின் கையையும் ஒருங்கே கொண்ட கட்டடம் ஒன்று உலகில் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்கள் அறிந்ததே. புர்க்கினா ஃபாசோவின் காண்டோ என்னும் சிற்றூரில் பிறந்து பெர்லினில் கட்டடக்கலை பயின்ற பிரான்சிஸ் கேரே, மாணவராக இருந்தபோதே நிதி திரட்டித் தம் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி கட்டினார். 2001 இல் அது முடிந்தது. ஊரார் கல் சுமந்தார்கள், நீர் கொணர்ந்தார்கள், மண்ணும் சிறிது சிமெண்டும் கலந்து கையழுத்தியால் கல் அறுத்தார்கள். மண்கல்லாலான உட்கூரைக்கு மேல், இடைவெளிவிட்டு உயரத்தில் தகரக் கூரை. நடுவே காற்று ஓடும். 2004 இல் ஆகா கான் விருதும், 2022 இல் பிரிட்ஸ்கர் பரிசும் அவருக்குக் கிடைத்தன. அங்கும் ஊரார் முதலில் மண்ணை ஏற்கவில்லை. மழைக்குக் கரையும் சுவரை அவர்கள் அறிந்திருந்தார்கள். கேரே அவர்களில் ஒருவராக இருந்ததால் பேச முடிந்தது. சித்தூரின் கோடையும் காண்டோவின் கோடையும் தகரத்துக்குக் கீழே ஒன்றுபோலவே கொதிக்கின்றன. ஆகவே அந்த இரட்டைக் கூரையின் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். மேல்தகரத்தைத் தாங்கும் மெல்லிய கம்பிச் சட்டகத்தை நம் ஊர் வெல்டரே செய்துவிடுவார் என்றார். காற்றடித்தால் தகரம் பறக்காதிருக்க எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார். பின்னர், என்னால் இன்றுவரை முழுமையாக விடை சொல்ல இயலாத கேள்வியைக் கேட்டார்.

"மண்ணுல கட்றதுக்கு எனக்குத் தெரியாதா பாப்பா? கட்டிடுவேன். எம்.புக்குல அத எந்தப் பேர்ல ஏத்துவாங்க? அத மொதல்ல கேட்டுச் சொல்லு."

அரசுப் பணியில் பழகாதோருக்கு இதை விளக்க வேண்டும். செய்த வேலையை உதவிப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதினால்தான் பணம். அவர் எழுதக்கூடியவை விலைவிவரப் பட்டியலில், அதாவது எஸ்.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் பட்டியலில், பெயரும் விலையும் உடைய வேலைகள். பட்டியலில் பெயரில்லாத வேலை, எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும், நடக்காத வேலை. அதற்குத் தனியே விலை கணித்து மேலிடத்தில் ஒப்புதல் பெற வழியுண்டு. அதற்கு ஒரு பொறியாளர் தம் கையெழுத்தைப் பணயம் வைக்க வேண்டும். பெரியப்பாவின் கேள்வி என் துறைக்குரிய கேள்வியே. ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தானே நாங்கள் வகுப்பறையில் படிக்கிறோம்?

பெயர் இல்லாமலும் இல்லை. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1725 இத்தகைய மண்கற்களுக்கென்றே உள்ள விவரக்குறிப்பு; 1982 இல் ஒருமுறையும் 2013 இல் ஒருமுறையும் திருத்தப்பட்டது. பள்ளிக்குப் பின்புறம் பிள்ளைகள் அமர்ந்து உண்பதற்கு ஒரு திறந்த கூடம் கட்டப் பெற்றோர் குழுவுக்கு எண்ணம் இருக்கிறது. அதன் அரைச்சுவரையாவது மண்கல்லில் எழுப்பிப் பார்க்கலாம் என்று பெரியப்பா குழுவில் பேசியிருக்கிறார். உடனே இசைந்தவர்கள் இருவர், மறுத்தவர்கள் பலர். மெழுக வேண்டியிருக்காது என்று எழுத்தில் கொடுப்பாயா என்று கேட்டவர் நான் முன்னர்க் குறிப்பிட்ட மூதாட்டி. அவருடைய பேத்தி அங்கே மூன்றாம் வகுப்பு. விண்ணப்பத்தை எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது.

பொருள் என்னும் இடத்தில் பச்சைக்கல் என்று எழுதினால் கச்சாவாகிவிடும். பசுமை என்று எழுதினால் வண்ணம் என்று எண்ணுவர். ஆகவே தெலுங்கில் ஐ.எஸ். 1725 என்னும் எண்ணை முதலில் இட்டு, நிலைப்படுத்திய மண்கல் என்று பொருள்தரும் தொடரை அடுத்து எழுதியிருக்கிறேன். கீழே, பெரியப்பா சொன்னபடி, சுவரின் நீளம், அகலம், உயரம்.

மண் தேறுமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பள்ளிக்கு அருகில் இரண்டு இடங்களில் முழங்கை ஆழத்துக்குக் கீழிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, சன்னலில் வைத்திருக்கிறோம். சரளையும் மணலும் அடியில் உடனே அமர்ந்துவிட்டன. வண்டல் அதற்கு மேல் ஒரு விரற்கடை நிற்கிறது. ஏரிப்பக்கத்து மண்ணிட்ட புட்டியில் மேல்நீர் மூன்றாம் நாளும் தெளியவில்லை. களி மிகுதி, சுண்ணாம்புதான் வேண்டியிருக்கும் என்கிறார் பெரியப்பா. மற்றதில் நீர் தெளிந்துவிட்டது. அளவுகோலை வைத்து அடுக்குகளைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.